இருபத்து மூன்றாவது சேதம்

ஸ்டூடியோவில் கொடுத்த ஃபிலிம் ரோல் கழுவி வந்துவிட்டது. கூடவே வம்பும் வந்துவிட்டது.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் அக்கா உட்கார்ந்து அழுதது குறைவு, அப்பாவின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றியதுதான் அதிகம் என்று இந்தத் தொடரில் போன வாரம் பார்த்தோம். தினம் அவருடைய பொருள் ஒன்று. மூக்குக் கண்ணாடி, குதிகால் தேய்ந்த செருப்பு, பாதியில் நின்ற ஷேவிங் க்ரீம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவருடைய ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரே ஒரு படம். பதிமூன்று நாளில் ரோல் தீர்ந்துபோனது. இதையெல்லாம் ஒட்டி ஒரு ஆல்பம் செய்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தாள்.

ஸ்கேல் எதற்கு என்று புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். அப்பா இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். எரிந்த கடை, நசுங்கிய கார், ஒழுகிய கூரை எதுவானாலும் சேதத்தின் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுப்பார், படிவம் நிரப்புவார். ஆபீசில் அவர் பெயரே 'ஸ்கேல் சார்'. பேச்சு நாலு வார்த்தையைத் தாண்டாது. ரிட்டயர் ஆன அன்று நடந்த கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை: "எல்லாருக்கும் நன்றி, சாப்பிடலாம்."

வீட்டிலும் அதே சட்டம். "உடைஞ்சதுக்குத்தான் படம்" என்பார். அதனால் அந்த வீட்டு ஆல்பத்தில் மனித முகமே கிடையாது. விரிசல் விட்ட தொட்டி இருக்கிறது, கால் போன நாற்காலி இருக்கிறது. அக்காவின் சின்ன வயதுப் படம் என்று ஒன்று உண்டு. அதில் தெரிவது சிராய்த்த வலது முட்டியும் பக்கத்தில் ஸ்கேலும். தம்பிக்கு விழுந்த பல் ஒன்று. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அப்பா இறந்தபோது ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்த படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். பாதிக் காதில் கம்பெனி முத்திரை.

வியாழக்கிழமை மதியம். அக்கா வேலை செய்யும் கிளினிக்கின் எக்ஸ்ரே அறை. சாப்பாட்டு நேரம் என்பதால் கதவைச் சாத்திவிட்டு, நோயாளிகள் படுக்கும் மேஜையில் படங்களை வரிசையாகப் பரப்பினாள்.

கவரைக் காலையில் தம்பிதான் வரவேற்பறையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஸ்டூடியோ அவன் போகிற வழியில் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் உள்ளே வந்து அக்காவின் ஃப்ளாஸ்க்கைக் காலி செய்யாமல் போகிற ஜென்மம் இல்லை அது. இன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மொத்தம் முப்பத்தைந்து படங்கள். பதிமூன்று அவள் எடுத்தவை. மீதி இருபத்திரண்டும் அதே ரோலில் அவளுக்கு முன்னால் அப்பா எடுத்தவை.

அந்த இருபத்திரண்டும் ஒரு வீட்டின் படங்கள். அக்கா பார்த்தே இராத வீடு.

அப்பா முறைப்படி வெளியிலிருந்து ஆரம்பித்திருந்தார். முதலில் கட்டடத்தின் வாசல், பழைய காலத்துக் கம்பிக் கதவு லிஃப்ட். பிறகு ஒரு முன்கதவு. பிறகு சமையலறைக் குழாய், ஜன்னல், குளியலறைத் தரை. எல்லாவற்றிலும் ஸ்கேல். ஒரு படத்தில் கட்டில் தெரிந்தது. கட்டிலில் இரண்டு தலையணைகள். கட்டிலுக்குக் கீழே பெண்கள் போடும் வீட்டுச் செருப்பு, புத்தம் புதுசு. ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை.

ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆன மனுஷன் யாருக்காகப் போய் இதை அளந்தார்?

அக்காவுக்கு முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மூன்று மாதமாக நாம் யாருக்காக அழுதுகொண்டிருக்கிறோம் என்ற பயம். இந்த வீட்டுக்குள் ஒரு பெண் இருந்தால் அந்த ஆல்பம் குப்பைக்குப் போகும். ஆல்பம் போனால் கூடவே அப்பாவும் போய்விடுவார். அவளிடம் மிச்சம் இருப்பது அந்தப் பதிமூன்று படம்தான்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு வாரமாக இருமல் என்று ஒருவர். "பலகையில நெஞ்சை ஒட்டி நில்லுங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்." ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிற வசனம், வாய் தன்னால் சொன்னது. அவர் போனதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. செவ்வாயும் வியாழனும் அம்மாவுக்குத் தையல் கிளாஸ். மூன்று மாதமாகப் போகிறாள். வீட்டுக்கு இதுவரை ஒரு தலையணை உறைகூட வந்ததில்லை. அதைப் பற்றி அக்கா இன்றுதான் யோசித்தாள்.

அடுத்து தம்பிக்குப் போட்டாள்.

"படமெல்லாம் பாத்தியாடா?"

"நான் எங்கக்கா பாத்தேன்? கவரை அப்படியே கொண்டுவந்து குடுத்துட்டேன்."

"ஒட்டின டேப் கிழிஞ்சிருக்கே?"

"ஸ்டூடியோக்காரர் கிழிச்சிருப்பாரு."

"நான் கேமராவைக் கையில எடுத்தப்ப இருபத்து மூணு படம் ஆயிருந்துச்சு. அப்பாவோடது இருபத்திரண்டுதான் வந்திருக்கு."

"பழைய ரோலுக்கா. ஒண்ணு வீணாப் போயிருக்கும்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது என்று அக்காவுக்குத் தோன்றியது. லிஃப்ட் இருந்த படத்தைச் செல்லில் எடுத்து அவனுக்கு அனுப்பினாள்.

"இந்த லிஃப்ட் எங்கடா இருக்கு?"

"தெரியலையே. ஊர்ல எத்தனையோ லிஃப்ட்."

ஃபோனில் கதவுச் சத்தம் கேட்டாலே எந்தக் கம்பெனி, எந்த வருஷத்து லிஃப்ட் என்று சொல்கிறவன் பேசுகிற பேச்சா இது? அக்கா டாக்டர் மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். லிஃப்ட்டுக்குள் ஒரு பராமரிப்பு அட்டை ஒட்டியிருந்தது. அட்டையின் அடியில் ஒரு கையெழுத்து. ஸ்கூலில் அவளுடைய நோட்டு அட்டையெல்லாம் பாழாக்கி அவன் பழகிய அதே சுழி.

"அட்டையில உன் கையெழுத்துடா."

"அஞ்சு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா."

"இப்ப வா."

"வர்றேன். ஆனா அங்க போய்க் கத்தக் கூடாது."

"அங்க யாருடா இருக்கா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தம்பியின் வேனில் கயிறும் கிரீஸ் டப்பாவும் உருண்டுகொண்டிருந்தன. வழி முழுக்க அவன் திருட்டு முழி முழித்துக்கொண்டு சாலையையே பார்த்து ஓட்டினான். அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தாள். 'நீங்க யாரு' என்று தொடங்கலாமா, 'எத்தனை வருஷமா' என்று தொடங்கலாமா? அவர் இறந்த செய்தியாவது அவளுக்குத் தெரியுமா என்று நினைத்தபோது கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு அச்சகத்தின் பின்புறத் தெருவில் அந்தக் கட்டடம். படத்தில் இருந்த அதே லிஃப்ட். மூன்றாவது மாடி. படத்தில் இருந்த அதே கதவு. உள்ளே யாரோ எதையோ சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது.

தம்பி மணியை அழுத்திவிட்டு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

கதவைத் திறந்தது அம்மா. ஒரு கையில் சுத்தியல், வாயில் ஒரு ஆணி.

ஆணியை எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு அம்மா சொன்னாள்: "செருப்பை வெளியில விடுங்க. இப்பத்தான் தரை துடைச்சேன்."

அக்கா எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தையல் கிளாஸ்?" என்றாள்.

"அப்படி ஒண்ணு இல்ல."

"இது யாரு வீடும்மா?"

"என் வீடு. என் பேர்ல எடுத்தது. அப்பா இருக்கறப்பவே."

அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அக்காவின் கண் முதலில் போனது கட்டிலுக்கு.

"ரெண்டு தலையணை?"

"ஒண்ணு தலைக்கு, ஒண்ணு முட்டிக்கு. என் முட்டி என்ன பாடு படுத்துதுன்னு உனக்குத் தெரியாதா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அடக்கிக்கொண்டாள். "நீ வேற என்னமோ நினைச்சு வந்திருக்கே."

"நான் என்ன நினைச்சேன்னு விடு. நீ அப்பாவை விட்டுட்டு வர இருந்தியா?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடி கிடையாது, சண்டை கிடையாது. அப்படி ஏதாவது இருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லிட்டே கிளம்பியிருப்பேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் கொடுமை. முப்பத்தெட்டு வருஷம் ஊர்ல இருக்கற ஓட்டை உடைசலையெல்லாம் அளந்தாரு. என்னை ஒரு படம் எடுத்ததில்ல. நான் உடையலையாம், நல்லா இருக்கேனாம். ஒரு நாள் கேட்டேன். 'உனக்கென்ன குறை'ன்னார். அன்னிக்கு முடிவு பண்ணினேன்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"ஒளிச்சா போவாங்க? சொன்னேன். மூணு நாள் ஒரு பேச்சு இல்ல. நாலாவது நாள் 'சாவியக் கொடு'ன்னார். நானும் கொடுத்தேன். சாயங்காலம் வந்து இதை என் கையில வெச்சாரு."

மேஜை டிராயரிலிருந்து எடுத்து நீட்டினாள். கம்பெனியின் பழைய சேத அறிக்கைப் படிவம். அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து, மேலே தேதி.

'2. முன்கதவுத் தாழ்ப்பாள். தளர்வு. பரிந்துரை: மாற்றவும்.'

'7. குளியலறைத் தரை. ஈரத்தில் வழுக்கும். பரிந்துரை: ரப்பர் விரிப்பு.'

'14. ஜன்னல் இடைவெளி, கால் அங்குலம். அவளுக்குக் காதுவலி வரும். பரிந்துரை: அடைக்கவும்.'

பதினாலாவது வரியை அக்கா இரண்டு தடவை படித்தாள். அந்தப் படங்களெல்லாம் இதற்காகத்தான். இன்னொரு பெண்ணும் இல்லை, இன்னொரு குடும்பமும் இல்லை. தன்னை விட்டுப் போகிற மனைவி வழுக்கி விழாமல் இருக்க வேண்டும் என்று அளந்திருக்கிறார். அக்காவுக்கு அப்பா திரும்பக் கிடைத்துவிட்டார். கிடைத்த அந்த நிமிஷமே அம்மாவின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதைக் கொடுத்து ஒன்பதாவது நாள் போயிட்டாரும்மா. கணக்குப் பாத்தியா? நீ போறேன்னு சொன்னதுலதான் போனாரு."

"அக்கா, கத்த மாட்டேன்னு சொன்னே" என்றான் தம்பி.

"நான் சொல்லல. நீதான் சொன்னே."

அம்மா நிமிரவில்லை. "எனக்கு நாள் எண்ணத் தெரியாதா? தினம் அதைத்தானே எண்ணிட்டிருக்கேன். அதனாலதான் இங்க குடிவரவும் முடியல, இதைக் காலி பண்ணவும் முடியல. வாரம் ரெண்டு நாள் வர்றேன். அவர் எழுதினதுல ஒண்ணு ஒண்ணாச் சரி பண்றேன். இருபத்திரண்டு முடிஞ்சது. கடைசி ஒண்ணுதான் என்னன்னே புரியல."

அக்கா படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கம் தனியாக ஒரு வரி.

'23. குளியலறைக் கண்ணாடி அருகில். சேதம்: பழையது. காரணம்: கவனிக்காமல் விட்டது. பரிந்துரை:'

பரிந்துரைக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அந்தக் கண்ணாடியே நான் புதுசா மாட்டினது" என்றாள் அம்மா. "அதுல பழைய சேதம் எப்படி வரும்? டார்ச் அடிச்சுத் தேடிட்டேன். சுவரைத் தட்டிப் பாத்துட்டேன். நீங்க வர்றப்பக்கூட அதைத்தான் தட்டிட்டிருந்தேன். ஒண்ணும் இல்ல."

அக்கா பையிலிருந்து நெகட்டிவ் கவரை எடுத்தாள். வருஷக்கணக்காக எக்ஸ்ரே ஃபிலிம் பார்க்கிறவள், பதற்றத்தில் நெகட்டிவைப் பார்க்கவே மறந்திருந்தாள். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துண்டுக்கு ஆறு படம். ஓரத்தில் எண்கள். ஒன்றிலிருந்து ஆறு, ஏழிலிருந்து பன்னிரண்டு, பதிமூன்றிலிருந்து பதினெட்டு. நான்காவது துண்டு பத்தொன்பதில் தொடங்கி இருபத்திரண்டில் நின்றது. இருபத்து நான்கு தனியாகக் கிடந்தது. வெட்டிய இடம் கோணல் மாணலாக இருந்தது. ஸ்டூடியோக்காரர் இப்படி வெட்ட மாட்டார்.

தம்பி கதவைப் பார்த்து ஓரடி வைத்திருந்தான்.

"எடுடா" என்றாள் அக்கா.

"என்னது?"

"ஃபோன்ல சொன்ன பொய் போதும். எடு."

அவன் யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் கைவிட்டான். ஒரு படம், அதோடு நகத்தளவு நெகட்டிவ். அதை அக்காவிடம் தராமல் அம்மாவிடமும் தராமல் மேஜையில் வைத்தான். "அம்மா பாத்தா தாங்க மாட்டாங்கன்னுதான்க்கா" என்றான்.

படத்தில் அப்பா இருந்தார். முழு முகத்தோடு, முத்திரை இல்லாத காதோடு. குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நேராக நின்றிருந்தார். சட்டையின் மேல் பொத்தான்கள் கழற்றியிருந்தன. இடது நெஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலை எண்கள் தெரியும்படி செங்குத்தாகப் பிடித்திருந்தார். விரிசல் விட்ட சுவரைப் படம் எடுக்கும்போது எப்படி வைப்பாரோ அப்படி. கண்ணாடியில் சாம்பல் நிற யூனிஃபார்மும் கேமராவும் தெரிந்தன. படம் எடுத்தவன் தம்பி.

அம்மாவின் கையிலிருந்த சுத்தியல் மெதுவாக மடிக்கு இறங்கியது.

"அன்னிக்கு எனக்கு ஃபோன் பண்ணி 'லிஃப்ட் ஓடுதா'ன்னார்" என்றான் தம்பி. "படி ஏற முடியல அவரால. மேல வந்து எல்லாம் எடுத்து முடிச்சதும் கேமராவை என்கிட்ட குடுத்துட்டு இப்படி நின்னாரு. 'எடு'ன்னார். எடுத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைச்சது. எத்தனை நாளா வலிக்குதுன்னு கேட்டேன், சொல்லல."

"ஒன்பது நாள் இருந்துச்சேடா" என்றாள் அக்கா. நாற்பது பேரின் நெஞ்சைத் தினம் படம் எடுக்கிறவள். அவள் அறைக்கு இங்கிருந்து இருபது நிமிஷம். "என்கிட்ட கூட்டிட்டு வந்திருக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கூப்பிட்டேன்க்கா. வேண்டாம்னார்."

"ஏன்?"

தம்பி அம்மாவைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் அம்மா. "இனிமே எனக்குத் தெரியக் கூடாதுன்னு என்ன இருக்கு?"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்: "'இப்பச் சொன்னா அம்மா எனக்காக இருந்துடுவா. அவ இங்க வந்து ஜன்னல் பக்கத்துல நிம்மதியா உக்காரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னார்."

அம்மா அழுதாள். மூன்று மாதத்தில் பிள்ளைகள் இருவரும் பார்க்காத அழுகை. சத்தமில்லாமல், முகத்தை மூடாமல், ஜன்னல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தாள். அவளிடம் இருந்த கோபம் எங்கேயும் போய்விடவில்லை, யார்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவர் ஸ்கேல் உன்கிட்டயா இருக்கு?"

அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் ஸ்கேலை வைத்தாள்.

"நீங்க கிளம்புங்க. நான் இன்னிக்கு அங்க வரல."

"தனியாவா?"

"தனியா இருக்கத்தானே எடுத்தேன்?" அம்மா எழுந்து புதுத் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. போங்க."

லிஃப்ட்டில் கம்பிக் கதவைத் தம்பி சாத்தினான். மூன்றாவது மாடி மேலே போனது. அக்கா சும்மா நிற்காமல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மடக்கி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

"என்னக்கா எண்ணுறே?"

"பதினாலு."

"எது பதினாலு?"

"அப்பா சொன்னதா மேல சொன்னியே, அதுல பதினாலு வார்த்தை இருக்கு." அவன் முகத்தையே பார்த்தாள். "ரிட்டயர் ஆன அன்னிக்கே மூணு வார்த்தைதான்டா பேசினாரு."

தம்பி கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் குலுங்கி நின்றது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் வெறும் சுவர்.

"இங்க பேசினா அம்மா காதுல விழாது" என்றான். "அப்பா நிஜத்துல சொன்னது ரெண்டே வார்த்தைக்கா."

(தொடரும்)